அத்தையின் கட்டைவிரலைப் பற்றி நான் எழுதிய அறிக்கை

உங்கள் வீட்டு ஆள் ஒருவரைப் பற்றி, 'பாவம்' என்ற சொல்லை ஒருமுறைகூடப் போடாமல், இரண்டு பக்கம் எழுத உங்களால் முடியுமா?

முடியுமென்றால் சொல்லுங்கள், எங்கள் ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள். பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை ஒட்டிய கண்ணாடிக் கட்டடம். கேப் வரும், சாப்பாட்டுக் கூப்பன் உண்டு, பி.காம் போதும். செல்போனை வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரக்கம் கிரக்கம் ஏதாவது வைத்திருந்தால் அதையும் அங்கேயே கொடுத்துவிடுவது நல்லது. சாயங்காலம் திரும்பி வாங்கிக்கொள்ள மறந்து போனவர்கள் எங்கள் ஃப்ளோரில் நிறையப் பேர்.

வேலை இதுதான். ஒரு வங்கியின் கணக்குகளில் ஏதாவது கோணலாகத் தெரிந்தால் கம்ப்யூட்டர் ஒரு எச்சரிக்கை தட்டும். அதை அலர்ட் என்போம். பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது, இந்த ஆளுக்கு இவ்வளவு வர நியாயம் உண்டா என்று பார்க்க வேண்டும். நியாயம் இல்லையென்றால் சந்தேக அறிக்கை. அது மேலே கை மாறி, டெல்லியில் இதற்கென்றே இருக்கும் அரசு அலுவலகத்துக்குப் போகும். கணக்குக்காரரிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது. விட்டால் வேலை போவதோடு நிற்காது, நம் மேலேயே கேஸ் வரும். அதனால் இதில் யார் பெயரும் வராது. தெருவையும் தொழிலையும் கொஞ்சம் மாற்றிவிட்டேன். கண்டுபிடிக்கிற வேலையை விட்டுவிட்டுப் படியுங்கள்.

நான் இந்த வேலையில் கில்லி. அடக்கமாகச் சொல்லத் தெரியாது. எங்கள் டீம் லீட் ஸ்ரீராம்புரத்துத் தமிழ் அம்மா. கன்னடத்தில் திட்டி, தமிழில் அவமானப்படுத்தி, இங்கிலீஷில் மெயில் போடுவார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த வாரத்து மட்டமான அறிக்கையை எடுத்து, எழுதியவரை எழுந்து நிற்க வைத்து, எல்லோர் முன்னாலும் வாசிப்பார். ஒருமுறை ஒருவன் 'இவர் மிகப் பெரிய மோசடிப் பேர்வழி என்று தெரிகிறது' என்று எழுதிவிட்டான்.

"யாருக்குப்பா தெரியுது? உனக்கா? நீ இன்னா ஜட்ஜா? யாரு, என்ன, எப்போ, எங்கே, எப்படி, ஏன் சந்தேகம். ஆறு கேள்வி. ஆறுக்கும் பதில் எழுதிட்டு மூடிக்கினு ஒக்காரு. சும்னே, சும்மா, கதாகாலட்சேபம் பண்ணாத."

அவன் பாத்ரூமில் போய் அழுதான். நாங்கள் சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். என் அறிக்கை ஒன்றுகூட அந்த வாசிப்புக்குப் போனதில்லை. முதல் பாராவிலேயே ஆள், பணம், சந்தேகக் காரணம் மூன்றையும் நான் இறக்கிவிடுவேன். டெல்லியில் உட்கார்ந்திருப்பவருக்கு மேசை நிறைய அறிக்கை இருக்கும். முதல் பாராவில் விஷயம் இல்லையென்றால் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பார். அடைமொழி கிடையாது. ஊகம் கிடையாது. 'அடிக்கடி' என்று எழுத மாட்டேன், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதுவேன்.

இதையெல்லாம் புதிதாக வந்த ஒரு கோயம்புத்தூர்க்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி டீம் லீட் என்னிடம் விட்டார். மரியாதையான ஆள். என்னைவிட வயதில் பெரியவன், ஆனாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவான். நான் அவனை வறுத்தெடுத்தேன். கணக்குக்காரர் ஓய்வுபெற்றவர், உடம்பு சரியில்லாதவர் என்றெல்லாம் அவன் முதல் அறிக்கையில் எழுதியிருந்தான். அவ்வளவு அக்கறை இருந்தால் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா, அறிக்கையில் எழுதாதே என்றேன். காகிதத்தில் இருப்பதை மட்டும் எழுது, காகிதத்தில் இல்லாத எதையும் நம்பாதே என்றேன். அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான்.

அப்புறம் ஒரு காலை, என் வரிசையில் ஓர் அலர்ட் வந்தது. லவுட்ஸ்பீக்கர், சீரியல் லைட் வாடகைக்கு விடும் கடை. நடப்புக் கணக்கு. லிங்கராஜபுரம். முதலாளி ஒரு பெண். பெயரைப் பார்த்தேன், கணவர் பெயரைப் பார்த்தேன், தெருவைப் பார்த்தேன்.

என் அத்தை. என் அம்மாவின் தம்பி பெண்டாட்டி.

கடை மாமாவுடையது. மாமா பைக் லோன், டிவி லோன், அந்த லோன் இந்த லோன் என்று எல்லாவற்றிலும் வாங்கிக் கட்டாமல் விட்டவர். எந்த வங்கியும் அவர் முகத்தைப் பார்க்காது. அதனால் கடை, கணக்கு, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் அத்தை பெயரில். எங்கள் பக்கத்தில் பாதிக் கடைகள் இப்படித்தான். பெண்டாட்டி பெயரில் போர்டு, புருஷன் பையில் சாவி.

அந்தக் கணக்குக்கு ஜோத்பூரிலிருந்து பணம் வந்திருந்தது. கவுஹாத்தியிலிருந்து, நாசிக்கிலிருந்து, பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்களிலிருந்து. சில்லறை சில்லறையாக வந்து, வந்த சூட்டிலேயே மொத்தமாக வேறு எங்கோ போயிருந்தது. லிங்கராஜபுரம் சர்ச் அசன விருந்துக்கு மைக் செட் கட்டுகிற ஆளுக்கு ஜோத்பூரில் யார் வாடிக்கை? இதைப் புரிந்துகொள்ள பி.காம்கூட வேண்டாம். யாரோ ஆன்லைனில் ஊரை ஏமாற்றுகிறார்கள், அந்தப் பணம் ஓடிப் போவதற்கு மாமா வாய்க்கால் வெட்டிக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறார்.

சொந்தக்காரர் கணக்கு வந்தால் உடனே மேலே சொல்லிவிட்டுக் கேஸிலிருந்து விலகிவிட வேண்டும் என்பது விதி. நாம் எந்தத் திரையை எத்தனை நேரம் பார்த்தோம் என்பதுகூடப் பதிவாகும். நான் மூடிவிட்டு டீம் லீட் அறைக்குப் போனேன். கேட்டுவிட்டு அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஏதோ அலர்ட் மாதிரி.

"ஞாயித்துக்கெழம அவங்க வூட்டுக்குத்தான போவ?"

ஆமாம் என்றேன்.

"போ. போவாம இருந்தாதான் சந்தேகம் வரும். நல்லா தின்னு. வாய சாப்பாட்டுக்கு மட்டும் தொற."

கேஸ் என் பக்கத்து நாற்காலி கோயம்புத்தூர்க்காரனிடம் போனது. அது யார் வீட்டுக் கணக்கு என்று அவனுக்குச் சொல்லப்படவில்லை.

அடுத்த சில நாட்கள் அவன் என் காதில் ரன்னிங் கமென்ட்ரி கொடுத்தான். கேஸ் விஷயத்தைப் பக்கத்து ஆளிடம் பேசக்கூடாதுதான். எல்லோரும் பேசுவோம். நான் நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பான், அதனால் ஹெட்போன் மாட்டிக்கொண்டேன். ஹெட்போனில் எதுவும் ஓடவில்லை.

"இந்தம்மா செம கில்லாடிங்க. மைக் செட் கடைய வெச்சுட்டு இந்தியா முழுக்க ஓட்டறாங்க. க்வீனுங்க, க்வீன்."

எங்கள் அத்தைக்குச் செல்போனில் டார்ச் எப்படி அணைப்பது என்று தெரியாது. எரிந்துகொண்டிருந்தால் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவாள்.

வேறு யாராவது அந்தம்மா பெயரில் செய்யலாமே என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன். பையன் தயாராக இருந்தான். நான் வளர்த்த பையன் அல்லவா.

"சான்ஸே இல்லீங்க. ஒவ்வொரு தடவையும் ஆப் தொறந்தது கைரேகைல. பாஸ்வேர்டுன்னா எவன் வேணா போடலாம். வெரல் அவங்களுதுதானுங்களே? நீங்கதான சொன்னீங்க, காகிதத்துல இருக்கறத மட்டும் நம்புன்னு."

நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருந்தான். முதல் கேள்வி 'யார்'. பதில், அத்தை. முதல் பாராவில், முதல் வரியில், அத்தையின் முழுப்பெயர். அப்படியே போனால் டெல்லியில் படிப்பவருக்கு மாமா என்று ஒரு மனிதர் இருப்பதே தெரியாது. நாளைக்கு போலீஸ் வந்தால் ஜீப்பில் ஏறப்போவது அத்தை. மாமா வக்கீல் வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நானும் அம்மாவும் மாமா வீட்டுக்குப் போனோம். புது ஃப்ரிட்ஜ், சுவர் அளவுக்கு டிவி. மட்டன் வாசனை தெருமுனைவரை வந்தது. மாமா லுங்கியில் சோஃபாவில் சரிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். வாராவாரம் இது உண்டு.

"வாம்மா சிஐடி. இந்த வாரம் எத்தினி பேரு பாஸ்புக்க எட்டிப் பாத்த? அடுத்தவன் துட்ட வேடிக்க பாக்க ஒரு டிகிரி, அதுக்குக் கழுத்துல ஒரு பட்டை. கண்ணாடி பவர் ஏறினதுதான் மிச்சம். எந்த மாப்ளடி வருவான்?"

அம்மா சிரித்தாள். தம்பி எது சொன்னாலும் அம்மா சிரிப்பாள். நான் புது ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மாமாவின் சட்டைப்பையில் ஒரு போன் முனகியது. அவர் கையில் வைத்திருக்கும் போன் அல்ல, வேறொன்று. எடுத்துப் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பாமலே, "விரல்" என்றார்.

அவ்வளவுதான். உப்பு என்று கேட்பது மாதிரி. அத்தை கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலை நீட்டி, டிவியைப் பார்த்தபடி நின்றாள். போன் அவள் விரலை ஏற்கவில்லை, மசாலா. மாமா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, விரலைத் தன் லுங்கியில் தேய்த்து மறுபடி அழுத்தினார்.

"எட்டாங்கிளாஸ் ஃபெயிலு, வெரலு கூட ஃபெயிலு ஆவுது பாரு."

திறந்தது. அத்தை கரண்டிக்குத் திரும்பினாள். சோறு போடுவதற்கு முன்னால் மறுபடி ஒருமுறை விரல். பாயசத்தின்போது இன்னொருமுறை. அவள் பாயசக் கிண்ணத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். அந்த மாற்றலில் ஒரு பழக்கம் இருந்தது.

நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. கேட்டது அம்மா, சும்மா, வாயில் வெற்றிலையோடு.

"ஏன்டா, அவள எத்தினி வாட்டி எழுப்புவ? உன் வெரலையே அதுல வச்சிக்கக் கூடாதா?"

"அவதானக்கா ஓனரு. ஓனரு வெரலுதான் இருக்கணும். நாளைக்கு ஏதாச்சும்னா ஓனரத்தான கேப்பான், என்ன எதுக்குக் கேக்கப் போறான்?"

மாமா கண்ணடித்தார். அத்தையும் சிரித்தாள். "என் வெரலுக்குத்தான் இந்த வூட்ல மரியாத. ஃப்ரிட்ஜே அதுதான் வாங்குச்சி."

எனக்குப் பாயசம் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கியது. இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தேன்.

திங்கட்கிழமை டீம் லீட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை பெயரில் போகிறது, ஆனால் ஆள் அவள் இல்லை என்றேன். அவர் சட்டென்று எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"இப்போ நீ யாரு? அனலிஸ்டா, அவங்க வூட்டுப் பொண்ணா?"

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பொண்ணுன்னா வெளிய போ. சாட்சின்னா ஒக்காந்து எழுது. கண்ணால பாத்தது, காதால கேட்டது. கையெழுத்து போட்டுக் குடு, கேஸோட வெச்சி அனுப்பறேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்கோ. எழுதினா உங்க அம்மாவோட தம்பி மாட்டுவாரு. எழுதலன்னா உங்க அத்த. ரெண்டு பேரும் வெளிய வர்ற மாதிரி எழுதறேன்னு எதுனா சாமர்த்தியம் காட்டின, நீ மூணாவது ஆளா உள்ள போவ."

எழுதினேன். இங்கிலீஷில்தான், இங்கே தமிழில் சொல்கிறேன். முதல் வடிவில் மாமாவை ஈவு இரக்கமற்றவர் என்றும், அத்தையை ஒன்றும் அறியாதவர் என்றும் எழுதியிருந்தேன். டீம் லீட் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போனார். மற்றவர்களை எப்படி வாசிப்பாரோ அதே குரலில், கதவைச் சாத்திக்கொண்டு, எனக்கு என்னுடையதை வாசித்தார். ஒன்றும் அறியாதவர். நீ அவங்க மண்டைக்குள்ள போய்ப் பாத்தியா? இரக்கமற்றவர். அதுக்கு எந்தத் தேதில எவ்ளோ ட்ரான்சாக்ஷன்? என் காது சுட்டது. நான் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வந்ததா என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது வடிவில் சதை இல்லை. இன்ன தேதி மதியம், இன்ன முகவரியில், கணக்கு உரிமையாளரின் கணவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்தார். உரிமையாளரைச் சமையலறையிலிருந்து அழைத்தார். அவர் கட்டைவிரலைப் பிடித்துப் போனில் வைத்தார். அதன்பிறகு போனை இயக்கியது கணவர். உரிமையாளர் திரையைப் பார்க்கவில்லை. மூன்று முறை இது நடந்தது. தன் விரலை ஏன் பதியவில்லை என்று உறவினர் ஒருவர் கேட்டதற்குக் கணவர் சொன்ன பதில் பின்வருமாறு.

டீம் லீட் படித்து முடித்து, பேனாவை மேசையில் தட்டினார். அவ்வளவுதானா, வேறு யாரும் எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

ஃப்ரிட்ஜ்.

தன் விரல்தான் ஃப்ரிட்ஜ் வாங்கியது என்று அத்தை சொன்ன அந்த வரியை நான் வேண்டுமென்றுதான் விட்டிருந்தேன். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை புரியவில்லை. பாதி சொல்லி மீதியை விழுங்குகிற அறிக்கை எப்படி இருக்கும் என்று இத்தனை வருடம் பார்த்தவருக்கு வாசனை தெரிந்திருக்கும். அந்த வரி போனால் அத்தைக்கும் கொஞ்சம் தெரியும் என்று ஆகும். போகாவிட்டால் என் மீதி வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். போட்டேன். அதற்குக் கீழே, உரிமையாளருக்குப் பணத்தின் மூலம் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது, என்றும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

அந்த வாரம் கோயம்புத்தூர்க்காரன் உர்ரென்று இருந்தான். அவன் முதல் பாராவையே திருப்பி எழுதச் சொல்லிவிட்டார்களாம். மேலே இருந்து யாரோ ஒரு காகிதம் கொடுத்து, அவனுடைய க்வீனைக் கவிழ்த்துவிட்டார்களாம். க்வீன் இல்லை, வெறும் வேலைக்காரியாம். நல்ல கேஸ் வீணாகிப் போயிற்று என்று வருத்தப்பட்டான். ஆறுதலாக அவனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன்.

அறிக்கை டெல்லிக்குப் போனால் போனதுதான். வந்து சேர்ந்தது, படித்தோம், நன்றி என்று யாரும் கடிதம் போட மாட்டார்கள். நான் வாராவாரம் மட்டன் சாப்பிட்டேன். மாமா வாராவாரம் என் மாப்பிள்ளையைத் தேடினார்.

மழைக்காலம் தொடங்கியபோது வேறு மாநிலத்துப் போலீஸ்காரர்கள், இங்குள்ள ஸ்டேஷன் ஆளோடு, கடைக்கு வந்தார்கள். மாமா ஒரு கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் வண்டியிலேயே இருந்தது, மாமாவை இறக்கிக்கொண்டு போனார்கள். அத்தையையும் கூட்டிப்போய் விசாரித்துவிட்டு, இருட்டுவதற்குள் அனுப்பிவிட்டார்கள். நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா அழுதாள். அத்தை அழவில்லை, குழம்பிப் போயிருந்தாள்.

"மொத கேள்வியே வெரலப் பத்திதான்டி கேட்டான். 'உங்க வீட்டுக்காரர் உங்க விரலப் புடிச்சித்தான் வெப்பாரா?'ன்னு. வூட்டுக்குள்ள நடக்கறது அவனுக்கு எப்டித் தெரியும்? அப்பறம் ஃப்ரிட்ஜப் பத்திக் கேக்கறான். ஃப்ரிட்ஜு, கண்ணு."

ஆக, படித்திருக்கிறார்கள். முதல் பாராவைத் தாண்டியும் படித்திருக்கிறார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நொடி, வெட்கமே இல்லாமல், பெருமையாக இருந்தது.

அம்மாவும் அத்தையும் காட்டிக்கொடுத்த ஆளைத் தேட ஆரம்பித்தார்கள். மாடி வீட்டுக்காரி, கேஸ் சிலிண்டர் போடுகிறவன், சர்ச்சில் மாமாவோடு சண்டை போட்ட கொயர் மாஸ்டர் என்று பட்டியல் நீண்டது. போட்டுக்கொடுத்தவன் கை அழுகிப் போக வேண்டும் என்று அம்மா ஜெபத்திலேயே கேட்டாள். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் நானும் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் கவனிப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் வாயைக் கிளறியது தானேதான் என்பது அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் போவதில்லை.

எனக்கு இதில் வருத்தம் இருக்கிறதா என்றால் இல்லை. ஜோத்பூரில் ஒருவர் தன் பணம் எங்கே போனது என்று இன்னும் தேடிக்கொண்டிருப்பார். அந்தப் பணத்தில் ஃப்ரிட்ஜ் வாங்கி அதில் என் பாயசத்தைக் குளிர வைத்தவர் மாமா. மாமாவுக்கு வைத்திருக்கும் வக்கீல் சொன்னபடி, அத்தை பெயர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறது, குற்றவாளிப் பட்டியலில் இல்லை. நான் எழுதியதற்கு அதுதான் கூலி, போதும் என்று நினைத்தேன்.

மாமா உள்ளே போனதிலிருந்து அத்தை எங்கள் வீட்டில்தான். நேற்று அவரை அந்த மாநிலத்து ஜெயிலில் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மாமா நிறையப் பேசினாராம். நீ பொம்பளை, உனக்குச் சீக்கிரம் பெயில் கிடைக்கும், எனக்குக் கிடைக்காது, விரல் உன்னுடையதுதானே, யோசித்துப் பார் என்றாராம். அத்தை ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் என்னிடம் வந்து, வக்கீல் நம்பரைப் போட்டுக்கொடு, எனக்குப் போடத் தெரியாது என்றாள். என்ன பேசப்போகிறாய் என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். போட்டுக்கொடுத்தேன்.

இதை வேகமாக அடித்துக்கொண்டிருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். அத்தை பக்கத்து அறையில் இருக்கிறாள். எல்லாம் நான்தான் சார் பண்ணேன், அவருக்கு ஒண்ணும் தெரியாது என்று வக்கீலிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.